அடிமண்டி

சந்தனமேரி வடிகட்டாத எதையும் யார் வாயிலும் வைக்க விடமாட்டாள். கிணற்றுத் தண்ணீர், பால், பதநீர், காப்பி எல்லாமே அவள் வீட்டில் துணி வழியாகத்தான் தம்ளருக்கு வரும். கஷாயம் என்றால் கேட்கவே வேண்டாம். இறக்கி வைத்துத் தெளியவிட்டு, மேலாக இறுத்து, துணியை நாலாக மடித்து இன்னொரு தரம் வடிப்பாள். மழை பெய்தால் அதையும் கூரைக்கு மேலே துணி கட்டித்தான் பிடிப்பாள் என்று நான் அவள் புருஷன் அருளப்பனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவன் சிரிக்கமாட்டான். பெண்டாட்டியைக் கேலி பேசினால் அவனுக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். எனக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு.

நாங்கள் இருவரும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஒரே ஷிப்டு. குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம் ஒரே தெரு. காலையில் ரயிலேறிப் போய்ப் பொழுது சாய வந்து இறங்குவோம். அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். நான் வைத்தியநாத சுவாமி கோயில் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவன். சந்தனமேரி என்னை அண்ணே என்பாள், நான் அவளைத் தாயி என்பேன். என் பேர் சங்கிலிப்பாண்டி. அந்தப் பேரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்கள் மகள் செபமாலைதான்.

கலியாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, வேண்டாத கோயில் இல்லை என்று வேண்டிப் பிறந்த பிள்ளை அது. மில்லில் வேலை பார்க்கிறவன் தலையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். சாயங்காலம் நாங்கள் தெருமுனையில் திரும்பியதும் ஓடி வந்து, முதலில் அப்பனைக் குனியச் சொல்லித் தலையில் பஞ்சு பொறுக்குவாள். பிறகு என்னைக் குனியச் சொல்வாள். "சங்கிலிப்பாண்டி மாமாவுக்குத்தான் நிறைய நரைச்சிருக்கு" என்பாள். பொறுக்கிய பஞ்சையெல்லாம் சேர்த்து அவள் பொம்மைக்குத் தலையணை செய்து வைத்திருந்தாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அந்த வருஷம் மழை விட்டதும் மலையடிவாரத்து ஊர்களிலெல்லாம் குளிர்காய்ச்சல் புகுந்தது. மகாராஜபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்வந்த செபமாலை, வந்த மறுவாரமே பல் கிட்டிக்க நடுங்கினாள். போர்த்திய சமுக்காளத்தோடு கட்டிலும் சேர்ந்து ஆடியது. நடுக்கம் நின்றதும் உடம்பு அனலாகக் காய்ந்தது.

முன்னெல்லாம் இந்தக் காய்ச்சலுக்குக் கொயினாத் தண்ணீர் கொடுப்பார்கள். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு, ஆனால் பார்வைக்குக் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிந்திருக்கும். ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததிலிருந்து கொயினா கண்ணில் படவில்லை. இருந்ததும் பட்டாளத்துக்குப் போயிற்று. எங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் பழுப்பாக ஒரு மருந்து கொடுத்தார்கள். கொயினா எடுக்கிற அதே சிங்கோனா மரத்துப் பட்டைதான், அதிலுள்ள சத்தை முழுசாகத் திரட்டிய தூளைத் தண்ணீரில் கலக்கியது என்றார்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே தண்ணீரும் கீழே மண்டியுமாகப் பிரிந்துவிடும். வாயில் வைத்தால் நறநறவென்று இருக்கும். பாட்டிலில் "குலுக்கிக் குடிக்கவும்" என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது வாஸ்தவம். அதே சீட்டைத் தெளிந்த கொயினா பாட்டிலிலும் ஒட்டினார்கள், இருமல் மருந்திலும் ஒட்டினார்கள். அதை யார் பொருட்டாகப் படித்தார்கள்?

அருளப்பன் ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று அந்த மருந்தை வாங்கி வந்தான். முதல் வாய் உள்ளே போனதும் பிள்ளை குடலே வெளியே வருகிற மாதிரி கக்கினாள். மறுபடி கொடுத்தாலும் அதே கதி. தம்ளரைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டு அழுதாள். சந்தனமேரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் விரல்கனத்துக்குச் சேறு. எந்தக் கம்பவுண்டரோ அவசரத்தில் பட்டைத் தூசியோடு ஊற்றிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தாள். கஷாயத்துக்குச் செய்வதை இதற்கும் செய்தாள். தெளியவிட்டாள், இறுத்தாள், வடித்தாள். வீட்டிலிருந்த துணிகளிலேயே நைசானது, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று போர்த்திய வெள்ளை மல் துணி. பெட்டியிலிருந்து அதை எடுத்து நாலாக மடித்தாள். துணியில் தேங்கிய மண்டியைக் கொல்லையில் முருங்கைத் தூரில் உதறிவிட்டு, தெளிந்ததைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். செபமாலை முகத்தைச் சுளித்தாள், ஆனால் கக்கவில்லை.

மறுநாள் ரயிலில் அருளப்பனுக்கு ஒரே பெருமை. டாக்டர் கம்பவுண்டர் யாருக்கும் தோன்றாதது தன் பெண்டாட்டிக்குத் தோன்றியதே என்று பெட்டியில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னான். வீட்டிலும் அவளை மெச்சிவிட்டுத்தான் வந்தானாம். இனிமேல் மருந்து உள்ளே தங்கும், காய்ச்சல் இறங்கிவிடும் என்றான். நானும் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன்.

காய்ச்சல் இறங்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு விடாமல் காய்ந்தது. சந்தனமேரி வேளை தவறாமல் வடித்துக் கொடுத்தாள். பாட்டில் தீர்ந்தது, அருளப்பன் இன்னொன்று வாங்கிவந்தான், அதையும் வடித்தாள். கடைசியில் பிள்ளைக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்து அப்பா என்றாள், அப்பனைப் பார்த்து யாரென்று கேட்டாள். ஒரு மத்தியானம் கைகால் வெட்டி இழுத்தது. நாங்கள் மில்லிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அருளப்பன் தலையில் பஞ்சோடு வந்து அப்படியே பிள்ளையின் முன்னால் குனிந்து நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. நான்தான் அவனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சந்தனமேரி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒரு பொட்டுத் தூசி இல்லாம குடுத்தேன். ஒரு வேளை தப்பல." வந்தவர்களும் ஆமாம் தாயி, நீ பார்த்த மாதிரி யார் பார்ப்பார்கள் என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியாரும் அதையே சொன்னார், தாய் செய்ய வேண்டியதில் குறை வைக்கவில்லை, மற்றது ஆண்டவர் சித்தம் என்று. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடந்தாள், அடுப்பு மூட்டினாள், புருஷனுக்குச் சோறு போட்டாள். அது இல்லாவிட்டால் அவளும் பிள்ளை பின்னாலேயே போயிருப்பாள் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அருளப்பனுக்கு ஆற்றாமையெல்லாம் கோபமாக மாறியது. வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குச் சுத்தமான கொயினா, எங்கள் பிள்ளைகளுக்கு மரத்தூளைக் கரைத்த சேறா என்று கத்தினான். ஒருநாள் மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டு, காலி பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். கைகலப்பாகிவிடுமோ என்று நானும் கூடப் போனேன். போகிற வழியில் நாலு வார்த்தை நானும் சேர்த்துக் கேட்பதாகத்தான் இருந்தேன். எனக்கு மட்டும் கோபம் இல்லையா என்ன?

டாக்டர் ராஜபாளையத்து மனிதர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நல்ல நிதானம். அருளப்பன் மேஜையில் பாட்டிலைத் தட்டி வைத்துக் கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். பட்டையில் கசப்புச் சத்து ஒன்றில்லை, நாலைந்து இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தால் அதுதான் கொயினா. அளவு பிசகாது, திராவகம் விட்டால் தண்ணீரில் கரைந்து தெளிவாக நிற்கும். இப்போது வருவது அந்த நாலைந்தையும் பிரிக்காமல் சேர்த்தெடுத்த தூள். வாந்தி வரும், காது இரையும், பிள்ளைகள் படுத்தும் பாடு தனக்கும் தெரியும். தனியாகப் பிரித்ததுதான் உசத்தி என்று தானும் நினைத்துக்கொண்டிருந்ததாகவும், இந்த வருஷம் ஊர் முழுக்கக் கொடுத்துப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டதாகவும் சொன்னார். குளிர்காய்ச்சலை அதுவும் விரட்டியது, இதுவும் விரட்டுகிறது.

"ஒரே ஒரு வித்தியாசம்தான்" என்றார். "இது கரையாது. தெளிஞ்சு நிக்கிற தண்ணில ஒண்ணும் கிடையாது, மருந்து பூரா அடிமண்டியிலதான் இருக்கு. நல்லா குலுக்கி மண்டியோட குடுத்தீங்கல்ல?"

அருளப்பன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவன் பாட்டிலை எடுத்து மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டான்.

"ஆமா சார். குலுக்கித்தான் குடுத்தோம். மண்டியோடதான் குடுத்தா" என்றான்.

அப்படியென்றால் கை மீறிவிட்டது, சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிடும் என்று டாக்டர் வருத்தப்பட்டார். அருளப்பன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். வந்த கோபத்தில் ஒரு துளி மிச்சமில்லை. நேராக ரயிலடிக்கு நடந்தான். பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே சங்கிலி, இது அவ காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா அவ இருக்க மாட்டா."

நான் தலையாட்டினேன். தலையாட்டினால் போதாது என்று வைத்தியநாத சுவாமி பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவன் வேதக்காரன், ஆனால் என் சாமி எனக்கு எவ்வளவு முக்கியம் என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு, மெச்சினது நான்தானே என்று அழுதான். ரயில் வருகிறவரைக்கும் அழுதான்.

அடுத்த வருஷம் அதே பருவத்தில் அவனுக்கே காய்ச்சல் கண்டது. மில்லில் நூல் அறுந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன் கை நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் வராந்தாவில்கூடப் படுக்க இடமில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார்கள். தூளாகக் கையில் கேட்டுப் பார்த்தேன், வெளியே விற்றுவிடுகிறார்கள் என்று தூளாகக் கொடுப்பதில்லையாம். அதே பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் வாங்கி வந்து சந்தனமேரி கையில் கொடுத்தேன். கொடுக்கும்போதே எனக்குக் கை கூசியது.

அவள் பாட்டிலை முகர்ந்து பார்த்தாள். கண் நிறைந்தது. பெட்டியைத் திறந்து அந்த மல் துணியை எடுத்தாள். பிள்ளைக்கு வாந்தியை நிறுத்திய துணி, அவருக்கும் நிறுத்தும் என்றாள். தெளியவிட்டாள், இறுத்தாள், வடித்தாள். அருளப்பன் எழுந்து உட்கார்ந்து அந்த வெறுந்தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தான். அவள் அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, இனி இறங்கிவிடும் என்றாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, இது புது மருந்து, வடிகட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. வாசனையிலேயே அவளுக்குத் தெரியும், அப்ப போன வருஷத்து மருந்து எது என்று கேட்பாள், ரெண்டு கேள்வியில் உண்மைக்கு வந்து சேர்ந்துவிடுவாள் என்றான். ஒருநாள் நானாகவே பாட்டிலைக் குலுக்கித் தம்ளரில் ஊற்றினேன். அவள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கலக்கிவிட்டீர்களே அண்ணே என்று கடிந்துகொண்டு, தெளியட்டும் என்று மாடத்தில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அவன் பக்கத்தை விட்டு நகர்ந்தால்தானே எதுவும் செய்ய முடியும். நடுக்கம் முறை வைத்து வந்தது. அவனுக்குக் கன்னம் ஒட்டி, கண் மஞ்சள் பூத்தது.

"செத்துத் தொலைவேன்னு இருக்கியா? அவளுக்கு யாருடா இருக்கா?" என்று கேட்டேன். அது அவனுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது அவள் வடித்து முடித்திருந்தாள். துணியை உதறக் கொல்லைக்குப் போகத் திரும்பியவளை அவன் கூப்பிட்டான். "மேரி, அந்தத் துணியைச் செத்த நேரம் எங்கிட்டக் குடு." எதற்கு என்றாள். "பிள்ளை துணி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் ஈரத் துணியை அவன் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். புருஷன் தனியாக இருந்து அழட்டும் என்று விட்டுக்கொடுத்தாள்.

அவன் துணியை முகத்தில் போட்டுக்கொண்டான். துணிக்குள்ளே அவன் வாய் அசைவதைப் பார்த்தேன். மடிப்பில் தேங்கியிருந்த மண்டியை நக்கினான், துணியைக் கடித்து உறிஞ்சினான், குமட்டிக்கொண்டு வந்ததை விழுங்கினான். தோள் குலுங்கியது. குமட்டலில் குலுங்கியதா அழுகையில் குலுங்கியதா என்று எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நான் தெருவில் போய் நின்றுகொண்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வேளையும் அவன் துணியைக் கேட்டான். ஒவ்வொரு வேளையும் அவள் கொடுத்துவிட்டு விலகிப் போனாள். காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. நடுக்கம் ஒரு முறை வராமல் தப்பியது. கஞ்சி கேட்டுக் குடித்தான். எனக்குச் சிரிக்கலாம் போலிருந்தது. அந்த வாரம் மில்லில் எல்லாரோடும் வலுவில் பேசினேன்.

ஒரு சாயங்காலம் ரயிலிறங்கி அவன் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். சந்தனமேரி கொல்லையில் துவைகல் பக்கத்தில் அந்தத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இங்கன வாங்க" என்றாள். "இந்தத் துணியைப் பாருங்க."

பார்த்தேன். வெள்ளையாக இருக்கிறதே என்றேன்.

"பிள்ளைக்கு வடிச்சப்ப எம்புட்டு உதறினாலும் பழுப்பு போகாது. சாம்பல் போட்டுத் தேச்சுத் தேச்சு எடுப்பேன். இப்ப துவைக்க ஒண்ணுமே இல்ல. அவிய பல்லு ஓரத்துல பழுப்பா இருக்கு."

நல்ல தண்ணீராக இருக்கும், அதனால் சீக்கிரம் போகிறது என்று ஏதோ உளறினேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தெளிவைக் குடித்த நாளெல்லாம் காய்ச்சல் ஏறியதும், துணியைக் கேட்டு வாங்கிய நாளிலிருந்து இறங்கியதும் அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"மருந்து மண்டியிலயா அண்ணே இருந்துச்சு?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று இல்லை. மேஸ்திரியிடம் தினம் சொல்லுகிறவன்தான். அன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. சத்தியத்தை நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதே போதுமாயிற்று அவளுக்கு. வைத்தியநாதன் என்று பேர் வைத்துக்கொண்டு கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கிற என் சாமி மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவள் கதறவில்லை. துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன், என்ன செய்துகொள்வாளோ என்று. மாடத்திலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுக்கினாள். அடி கரைந்து மேலே வந்தது, பாட்டில் முழுக்கக் கலங்கியது. அதற்குப் பிறகும் குலுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தில் அருளப்பன் விழித்துக்கொண்டான்.

அவன் பாட்டிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"குடிங்க" என்றாள்.

குடித்தான். தம்ளரில் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வைத்தாள். மல் துணியால் அவன் வாயைத் துடைத்தாள். தம்ளரின் அடியில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை விரலால் வழித்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டாள். அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது, அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையா முருங்கைத் தூருல கொட்டினேன்" என்றாள்.